இருபதாம் நாள் சவுக்காரம்

– இன்னாமே இது, கூடை போன மாதிரியே திரும்பி வந்திருக்கு? முனீர் சாயபு கடையில இல்லியா?

– இருந்தாரு.

– அப்புறம் இன்னா? மோந்து பாத்துட்டு, கொழுப்பு கலந்தியான்னு கேட்டிருப்பாரு. டேனரியில தோல்லேந்து சுரண்டுற கொழுப்பு எங்க போவுதுன்னு இந்த ஆம்பூர்ல எல்லாருக்கும் சந்தேகம். தேங்கா எண்ணெயும் புங்க எண்ணெயும்தான்னு அடிச்சு சொல்றதுதானே நீ?

– அதெல்லாம் போன தடவயே கேட்டு முடிச்சிட்டாரு. இன்னிக்கு மோந்தே பாக்கல. கூடைய கடைப்படியிலயே எறக்கச் சொன்னாரு. உள்ள கொண்டாராதன்னாரு.

– ஏன்? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு? சீமைச் சவுக்காரத்துக்குப் பக்கத்துலயே உன்னுத வெக்கிறேன்னாரே?

– ஒரு பேச்சு சொல்லித்தானே வெக்கிறேன்னாரு. மூணு வூட்டுக்கு ஆளுக்கு ஒரு கட்டி குடு பொன்மலரு, எட்டு நாள் கழிச்சு மூணு வூட்டுலயும் இன்னொரு கட்டி கேட்டாங்கன்னா அன்னிக்கு கடைக்குக் கொண்டான்னு.

– ஆமா. சாரா டீச்சருக்கு ஒண்ணு, ஸ்டேஷன் பக்கம் கோதண்டராமன் வூட்டுக்கு ஒண்ணு, மஹ்பூபி அக்காவுக்கு ஒண்ணு. நான்தானே வாழ மட்டையில சுத்திக் குடுத்தேன்.

– சாயபு சொல்லித்தான் மூணு வூட்டுக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன். கோதண்டராமன் வூட்டம்மா எரியுதுன்னு ரெண்டாம் நாளே அத தோட்டத்துப் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க. டீச்சரு நல்லவங்க, மூஞ்சிக்கு நேரா சொல்லல. துணிக்கு வெச்சிக்கிறேன்னாங்க. மேலுக்குன்னு குடுத்தத துணிக்கு.

– சரி விடு மே. துணிக்கும் ஒரு சவுக்காரம் வேணும்தானே? மஹ்பூபி அக்கா இன்னா சொல்லிச்சு?

– அவங்க பொண்ணு வஜீதா பிரசவத்துக்கு வந்திருக்கால்ல. அந்தக் கொழந்தைக்குப் போட்டுக் குளிப்பாட்டியிருக்காங்க.

– ஐயோ கர்த்தாவே.

– தொடையிடுக்கு பூரா கொப்புளம். பதினேழு நாள் புள்ள. அழுது அழுது தொண்ட கட்டி, வாய் மட்டும் தொறக்குது, சத்தம் வரல. வஜீதா என்னத் திட்டக்கூட இல்ல. புள்ளயத் திருப்பி ஒரு தரம் காட்டினா. அப்புறம் மூடிக்கிட்டா. அந்த ஜன்னல் ஓரம் மீதிக் கட்டி கெடக்குது. நீங்க வெட்டின அச்சு அதுல அப்படியே தெரியுது. என் பேரு.

– பொன்மலருன்னு மூணு நாள் ஒக்காந்து வெட்டினேன்.

– உளி வெரல்ல ஏறி ரத்தம் கொட்டறதக் கூட பாக்காம வெட்டினீங்க. நான் பாத்து கத்தினப்புறம்தான் உளியக் கீழ வெச்சீங்க. அவ்ளோ ஆசைன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

– ஆசைதான் மே. அதுல இன்னா கொறச்சல்?

– இந்தாங்க, கஞ்சி குடிங்க. இப்பதான் எறக்கினேன், துணி வெச்சுப் புடிங்க.

– புடிச்சாச்சு. நீயும் ஊத்திக்க.

– எனக்கு வேணாம். உங்கள ஒண்ணு கேக்கணும். மிஷன் பங்களா துரைசானி இதக் கத்துக் குடுக்கறப்போ எத்தன நாள் ஆற வெக்கச் சொன்னாங்க?

– நாப்பது.

– நான் எத்தனாவது நாள் எடுத்தேன்?

– இருவதுல.

– ஏன் எடுத்தேன்? சொல்லுங்க. கேக்குறேன் இல்ல?

– நான் எரியலன்னு சொன்னேன். அதனால எடுத்தே.

– என் கைய நம்ப முடியாது. சோடாக் காரம் கிண்டிக் கிண்டி, பச்சத் தண்ணி பட்டாலே எரியுது. உங்க கை சுண்ணாம்புக் குழியில ஊறி வெடிச்சுக் கெடக்கு. அந்த வெடிப்புல தேச்சே எரியலன்னா, இந்த ஊர்ல யார் தோல்லயும் எரியாதுன்னு நெனச்சேன். டேனரிக்காரன் பொஞ்சாதிக்குத்தான் இந்தப் புத்தி வரும். பதினஞ்சாம் நாள் தேச்சேன், எரியலன்னீங்க. இருவதாம் நாள் தேச்சேன், வெண்ணெய் மாதிரி இருக்குன்னீங்க.

– இருந்துச்சு மே.

– வெண்ணெய் கொழந்த தோல உரிக்குமா?

– கொழந்தைக்கு மெல்லிசு தோலு. நாம பெரியவங்களுக்குன்னு…

– வேணாம். டீச்சருக்கும் எரிஞ்சிருக்கு, கோதண்டராமன் பொஞ்சாதிக்கும் எரிஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும் எரியலியா? பொய் சொல்லியிருக்கீங்க. எம்மேல பரிதாபப்பட்டு சொல்லியிருக்கீங்க.

– ம்.

– ம்னா இன்னா? ஒத்துக்குங்க.

– சரி, ஒத்துக்கிறேன். பொய்தான். நீ சொம்பும் கையுமா எதிர்ல குந்திக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தே. எரியுதுன்னு சொல்ல வாய் வரல. போதுமா? கஞ்சி ஆறிப் போச்சு, எடுத்துட்டுப் போ.

– உங்க மேல கோவம் வரணும். வர மாட்டேங்குது. அழுகதான் வருது. யாருக்காக இவ்ளோ அவசரப்பட்டேன் நானு? மழைக்கு முன்னாடி உங்கள அந்தக் குழியிலேந்து வெளிய இழுத்துடணும்னுதானே? உங்ககூட குழியில நின்ன ஏசடியான் அண்ணன் கதி நம்ம வூட்டுக்கு வரக் கூடாதுன்னுதானே?

– அவன் பேச்ச இப்ப எதுக்கு எடுக்குற?

– ஏன், எடுத்தா இன்னா? கால்ல ஆணி ஏறினது தெரியாம நாள் பூரா குழிக்கும் முத்தத்துக்கும் நடந்தாரு. தரையில ரத்தத்தப் பாத்து மேஸ்திரிதான் கண்டுபிடிச்சான். பெருவியாதின்னு அன்னிக்கே டேனரி கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க. இப்ப பாலாத்து மணல்ல தனிக் குடிச. அண்ணி தூரமா சோத்த வெச்சிட்டு திரும்பிப் பாக்காம வருது. இன்னிக்கும் வர்ற வழியில பாத்தேன். எனக்கு அந்தப் பக்கம் நடக்கவே பயமா இருக்கு.

– எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் வராது. நீ வீணா பேஜார் பண்ணிக்காத.

– வராம இருக்கணும்னாதான் இந்தச் சவுக்காரம். கேளுங்க. சாயபு கடைசியா ஒரு வார்த்த சொன்னாரு. மூணு வூடு இனிமே வேணாம், உன் வூட்ல நெசம் பேசுற ஆளு ஒருத்தரு இருந்தா போதும், அவரு சரின்னு சொல்ற அன்னிக்கு வா, கதவ சாத்தலன்னாரு. ஞானசீலன் நெசம் பேசறவன்னுதான் நெனச்சிருந்தேன்னாரு.

– என் பேரச் சொன்னாரா?

– சொன்னாரு. எனக்குத் தலயத் தூக்க முடியல. ஆனா வர்ற வழியில யோசிச்சேன். பரண்ல அதே சட்டியில ஊத்தினது இன்னும் அம்பது கட்டி இருக்கு. இன்னிக்கு அதுக்கு இருவத்தெட்டு நாள். இன்னும் ஆறணுமா, எத்தன நாள் ஆறணும், மறுபடி ஒடச்சிக் காய்ச்சணுமா, எல்லாம் உங்க கையிலதான் தெரியணும். வேற கை எனக்கு இல்ல.

– நாளைக்குப் பாக்கலாமே.

– இப்பவே. என் மூஞ்சியப் பாத்தாதானே உங்களுக்குப் பொய் வருது? பாக்காதீங்க. கண்ண மூடுங்க.

– இன்னாமே இது, சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி?

– மூடுங்க.

– மூடிட்டேன்.

– வலது கைய நீட்டுங்க. வெடிப்பு அதுலதான் ஜாஸ்தி. இருங்க, தண்ணி எடுத்துக்கிறேன்.

– தண்ணி சத்தம் கேக்குது.

– பேசாதீங்க. எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுங்க. நான் அழ மாட்டேன். திரும்பக் காய்ச்சுவேன், எத்தன தரம்னாலும் காய்ச்சுவேன். ஒரே ஒரு தரம் நெசத்தச் சொல்லுங்க, வர்ற கிறிஸ்மஸுக்குள்ள உங்கள அந்தக் குழியிலேந்து தூக்கிடுவேன்.

– சொல்றேன் மே.

– நல்லா கவனிச்சு சொல்லுங்க.

– எரியுது.

– எரியுதா?

– நெசமா எரியுது பொன்மலரு. வெடிப்புக்குள்ள எறங்குது, சுருக்கு சுருக்குன்னு. இன்னும் பத்து நாளாவது ஆறணும். போதுமா? இப்ப நெசம் சொல்லிட்டேனா? கண்ணத் தொறக்கலாமா?

– கண்ணத் தொறங்க. கட்டி இன்னும் என் கையிலதாங்க இருக்கு, உங்க மேல படவே இல்ல.