காலால் கேட்ட பலகை

பிறர் கதையைக் காது கொடுத்துக் கேட்கிறவள் அல்ல நான். ஆனால் கந்தளாயில் பலகை விற்கும் மரக்காலையடியில் பஸ் ஏறி, என் முன்சீட்டில் தன் மகளோடும் தச்சு பாஸோடும் இருந்தவள் சொன்னதைக் கேளாமல் இருக்க முடியவில்லை.

"இவள் ஆடிப் பழகுற அறை நிலத்துக்குச் சத்தம் போடுற பலகைதான் வேணும், பாஸ்."

"சத்தம் போட்டா என்ர பேரெல்லோ கெடும். முதிரை போடுவம் தங்கச்சி. பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும்."

"முதிரை கல்லு மாதிரி. இவளுக்குக் காது கேளாது. மிருதங்கத்தைக் காலாலதான் கேக்கிறவள். சீமெந்தில ஒண்டும் ஏறாது, ஆட்டம் பிந்துது. டான்ஸ் டீச்சர் கடைசி வரிசையில விட்டிருக்கிறா."

"தேக்கு?"

"மரக்காலையில நீங்கள் பலகையளைத் தட்டிப் பாக்கேக்க செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறி நிண்டவளெல்லோ? தேக்கில சும்மா நிண்டாள். பலாவிலதான் தாளத்துக்குக் கால் போட்டவள்."

பாஸ் சிரித்தார்.

"மிருதங்கம் கடையிறதும் பலாவிலதானே. கெட்டிக்காரி."

அவர் சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் தட்டினார். யன்னலோரம் இருந்த பிள்ளை அந்தக் கம்பியில் உள்ளங்கையை வைத்தது. சற்று நேரத்தில் அதன் பாதமும் அசைந்தது.

"கீழ வெளி விட்டு, நல்லா அதிரிற மாதிரிப் பலா அடிக்கிறன். என்ர பேர் கெட்டாக் கெடட்டும். டீச்சரிட்டச் சொல்லுங்கோ, முன்வரிசையில ஒரு இடம் வைக்கச் சொல்லி."