முன்வரிசைச் சின்ன வால்வு

வால்வு செட்டில் சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. கொஞ்சம் சூடு ஏற வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கிற கம்பி முதலில் மங்கலாகச் சிவக்கும், பிறகு அகல் விளக்குத் திரியின் நிறத்துக்கு வரும். அதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். அவசரக்காரர்களுக்கு அந்த செட் ஒத்துவராது. நானும் அவசரப்படுகிறவள் இல்லை. அதனால்தான் மேடம், நீங்கள் சுந்தரம்மாளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலையவிட்ட பிறகு, இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆனந்தமேரி. இறந்துபோன சகாயராஜ் சார் என் கணவர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மேட்டுப்பட்டியில் எங்களுக்குச் சொந்த வீடு. சுந்தரம்மாள் சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, அவரைக் குளிப்பாட்டி, மத்தியானச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போகிறவள். தொண்டையில் வாழைப்பழம் அடைத்து அவர் இறந்தார் என்பது சரி. பழத்தைக் கொடுத்தது சுந்தரம்மாள் என்று என் மகள் பிரிஸ்கில்லா எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அது சரியில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் செட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது ஏதோ ஒரு சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயர். ரேடியோ ரிப்பேர் பார்க்கிற சேக் பரீது அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிக் கொடுத்தார். முன்வரிசையில் விரல் நீளத்துக்குச் சின்ன வால்வுகள், பின்வரிசையில் புட்டி மாதிரி பெரியவை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைத் தொட மாட்டார். கரண்ட் ஏறி இறங்கும் என்று தனியாக ஸ்டெபிலைசர் வைத்திருந்தார். அணைத்த செட்டை உடனே மறுபடி போட மாட்டார். நன்றாக ஆறிய பிறகு மெல்லிய துணியால் ஒவ்வொரு வால்வாகத் தூசி துடைப்பார். அவர் குடித்ததில்லை, என்னை அடித்ததும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செட் இருந்தது முன் அறையில், சுவரில் பதித்த கடப்பாக்கல் பலகை மேல். முன்வரிசையில் இடது ஓரத்து வால்வுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் எங்கே அதிர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். நான் அடுப்படியில் எழுந்து நடந்தால் பாட்டுக்கு நடுவில் ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் விழும். சொம்பைத் தரையில் வைத்தாலும் விழும்.

“ஏய் மேரி, யாருடி அங்க நடக்குறது?” என்பார். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

“தண்ணி மோந்தேங்க.”

“செத்த நேரம் ஒரு எடத்துல உக்காரேன். பாட்டு முடியட்டும்.”

உட்கார்ந்தேன். கொலுசைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு அவர் வந்து செட்டைப் போட்டால், அணைக்கும்வரை அடுப்படி ஸ்டூல்தான் என் இடம். அரைக்கிற வேலை, இடிக்கிற வேலை எல்லாம் அவர் வருவதற்குள் முடிந்திருக்கும். பிரிஸ்கில்லா தவழ்ந்த வயதில் அவளை மடியில் அமுக்கி வைத்திருப்பேன். அவள் நடை பழகியது எதிர்வீட்டில். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. வால்வின் குணம் அப்படி, அதற்கு அவர் என்ன செய்வார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். “விழுங்குற சக்தி கொறைஞ்சுபோச்சும்மா. எதையும் கொழகொழன்னு மசிச்சுத்தான் குடுக்கணும். சாப்பிடும்போது பக்கத்துலயே ஆள் இருக்கணும்.” அதைச் சுந்தரம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

செட் இருந்த அறைக்கு அடுத்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். நடுவில் ஒரு சுவர். கூப்பிட வாய் இல்லாததால் இடது கைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தோம். அதால் சுவரில் தட்டுவார், நான் போவேன்.

மத்தியானம் சுந்தரம்மாள் போன பிறகு எனக்கு வேலை இல்லை. செட்டில் தூசி ஏறிக்கொண்டிருந்தது. துடைத்தேன். பிறகு ஒருநாள் சுவிட்சைப் போட்டேன். அத்தனை வருஷம் பார்த்திருந்ததால் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவருடைய நாற்காலியில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன். ஒரு வயலின் இசைத்தட்டு வைத்தேன். நன்றாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று நானே கேட்டுக்கொண்டதில்லை. நாற்காலி நன்றாக இருந்தது.

அவர் தட்டினார். ‘டிங்’ என்று விழுந்தது. போய்ப் பார்த்தால் தண்ணீர் வேண்டாம், ஒன்றுக்கும் வரவில்லை என்று தலையை ஆட்டினார். வந்து உட்கார்ந்ததும் மறுபடி தட்டினார். தினமும் இப்படித்தான். பாட்டு ஓடும்போதுதான் தட்டினார். அவருக்கும் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைக்கச் சொன்னாரோ என்னவோ. எனக்குப் புரியவில்லை.

சேக் பரீதை வரச்சொன்னேன். பென்சிலால் ஒவ்வொரு வால்வாக மெதுவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, இடது ஓரத்தில் நிறுத்தினார்.

“இதுதாங்க்கா. உள்ள தளர்ந்துபோயிருக்கு. இத மாத்தி வேற ஒண்ணு போட்டா, நீங்க பக்கத்துல நின்னு குதிச்சாலும் கேக்காது.”

“இப்ப வந்த கோளாறா?”

“இல்லக்கா, மொதல்லருந்தே இருக்கு. சாருகிட்ட அப்பவே சொன்னேன். வேற வால்வும் எடுத்துட்டு வந்தேன். அவருதான் வேணாம்னுட்டாரு. ‘இருக்கட்டும் பரீது, வீட்ல யாரு எங்க நடக்குறாங்கன்னு உக்காந்த எடத்துலயே தெரியுதுல்ல’ன்னு சிரிச்சாரு.”

சொல்லிவிட்டுப் பரீதும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு டீ கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. புது வால்வை மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போன பிறகு செட்டை ஓடவிட்டு, அடுப்படிக்கும் முன் அறைக்குமாகக் குதிகாலை ஊன்றி நடந்து பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. கால் வலிக்கிறவரை நடந்தேன்.

அவர் இறந்தது அந்த வாரம்தான். அன்று மத்தியானம் சுந்தரம்மாள் ரசம் சோற்றை நன்றாக மசித்து ஊட்டினாள். வாயைத் துடைத்து, தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, “வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். நான் செட்டைப் போட்டேன். அது சூடாகட்டும் என்று அடுப்படிக்குப் போனேன். சிறுமலை வாழைப்பழம் இருந்தது. மசிக்கக் கிண்ணத்தை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். கொஞ்சம் கெட்டியாக இருந்த பழமாகப் பார்த்துப் பிய்த்து, தோலை உரித்து, முழுசாக அவர் கையில் கொடுத்தேன். சிறுமலைப் பழம் அவருக்கு உயிர். அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சாப்புடுங்க” என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தோலை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். உள்ளே வந்தபோது வால்வுகள் நன்றாகச் சிவந்திருந்தன. தட்டு வைத்தேன்.

தட்டு முடிந்ததும் செட்டை அணைத்தேன். ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அவர் அறைக்குப் போனேன். கை சில்லென்று இருந்தது.

பிரிஸ்கில்லா கோயம்புத்தூரிலிருந்து வந்து அழுதாள். அவள் நர்ஸ், வாயைத் திறந்து பார்த்ததும் தெரிந்துகொண்டாள். “யாரும்மா அப்பாவுக்கு முழுப் பழம் குடுத்தது? அந்தப் பொம்பளையா?” என்றாள். நான் குனிந்து அவர் வாயைத் துடைத்தேன். “தட்டியிருப்பாரேம்மா, உனக்குக் கேக்கலையா?” என்றாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

நேற்று சுந்தரம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. “நான் மசிச்சுத்தானக்கா குடுத்தேன்? நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என்னைய இப்ப ஒரு வீட்லயும் சேக்க மாட்டேங்குறாக” என்றாள். பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகு செட்டைப் போட்டேன். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு குறை இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. தட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் போனதிலிருந்து இப்படித்தான். இனி இது மாறும் என்று தோன்றவில்லை.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். பழத்தைக் கொடுத்தது நான். அவர் தட்டியது கேட்கவில்லை என்று மகளிடம் சொன்னது பொய். ஸ்பீக்கரில் விழவில்லை, அவ்வளவுதான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முதலில் தட்டியதுமே வால்யூமைக் குறைத்துவிட்டேன். வேகவேகமாகத் தட்டினார். பிறகு விட்டுவிட்டுத் தட்டினார். டம்ளர் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டதும் கேட்டது. அதற்கு அப்புறமும் வால்யூமைக் கூட்டாமல் காத்திருந்தேன்.

அவரைச் சாகவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை மேடம். இன்னும் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.