பெனிஷாவின் வண்டி நின்ற காரணம்

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கார் வைத்திருப்பவர்கள் வயரிங்கை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், சார். யாரும் பார்ப்பதில்லை. என் மகள் பெனிஷாவும் பார்க்கவில்லை.

எஸ்றாவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அந்தக் கோபம். ஒருநாள் என் ஒர்க்‌ஷாப் வாசலில் அவள் கார் குலுங்கிக்கொண்டே வந்து நின்றது. வேறு இடங்களில் காட்டியும் சரியாகவில்லையாம். ஸ்கேனர், இன்ஜினுக்குள் பெட்ரோல் பீச்சுகிற மூன்றாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டியது. மற்றவர்கள் இன்ஜெக்டரையே மாற்றியிருந்தார்கள். நான் கனெக்டரில் சோதனை பல்பைச் சொருகி வயரை அசைத்தேன். பல்பு விட்டு விட்டு எரிந்தது. கனெக்டருக்குள் இருந்த செம்புப் பின் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது. புது கனெக்டர் போட்டேன். வேலை முடிகிறவரை அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அம்மா போன பிறகு நான் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றாகவே சரிசெய்துவிட்டேன். அதனால் பிறகு அவள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட.

பல மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது, எல்லா இன்ஜெக்டருக்கும் கரண்ட் கொண்டுபோகிற வயரை வெட்டினேன். முனைகளைச் சும்மா தொட வைத்து டேப் சுற்றினேன். குலுங்கினால் விட்டுப்போகும், இன்ஜின் நின்றுவிடும். அவ்வளவுதான்.

போன் வர ஆரம்பித்தது.

"அப்பா, வண்டி நின்னுட்டு. மழை வேற பெய்யி."

"ஏளா, அங்கனயே இரு. அப்பா வாரேன்."

எஸ்றா ஆபீஸில் இருப்பான். நான்தான் போவேன். டேப்பை விரலால் அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும். "நீங்க இல்லன்னா நான் என்னப்பா செய்வேன்?" என்பாள். அதைக் கேட்க ஒரு தகப்பன் இவ்வளவு செய்வது பெரிய தப்பாக எனக்குத் தெரியவில்லை.

துறைமுகச் சாலையில் போகாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. எஸ்றாவை ஆபீஸிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறாள். ஓட்டத்திலேயே வண்டி நின்றிருக்கிறது. பின்னால் நிலக்கரி லாரி. அந்த டிரைவரை விட்டுவிடுங்கள், சார். அவர் பிரேக் பிடித்திருக்கிறார்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எஸ்றா தினமும் வருவான். "அவ தூங்குதா, பொறவு வா" என்று வாசலோடு அனுப்பிவிடுவேன். நேற்று நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் உள்ளே வந்து, காரிலிருந்து எடுத்த அந்த வயரை அவளிடம் காட்டியிருக்கிறான். நான் திரும்பியபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். கஞ்சியை வாங்கவில்லை.

புகாரை அவளே சொல்லி, அவளே கையெழுத்துப் போட்டாள் என்கிறீர்கள். போடட்டும். சின்னப்பிள்ளையிலிருந்தே கோபக்காரி.

எழுதிக்கொள்ளுங்கள். வயரை வெட்டியது தேவதாசன்தான், பெனிஷாவின் அப்பா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் விடுங்கள், சார். அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?