உள்ளே மடிச்ச துணி

உங்க சட்டையில மூணாவது பட்டன் தொங்குது மேடம். இன்னும் ரெண்டு தடவை போட்டுக் கழட்டினா விழுந்துடும். ஊசி நூல் எனக்கு இங்க ஸ்டேஷன்ல தர மாட்டீங்க, தெரியும். வீட்டுக்குப் போனதும் யாரையாவது தைக்கச் சொல்லுங்க. கண்ணுல பட்டா சொல்லாம இருக்க முடியறதில்ல. இருபத்தொன்பது வருஷமா இதே வேலைதானே.

சரி, கேட்டதுக்கு வர்றேன். மேசை மேல இருக்கிற அந்தப் பேண்ட் என் தம்பியோடது. தைச்சது நான். இடுப்பைப் பிடிச்சுச் சின்னதாக்கினதும் நான்தான். அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல.

ஆனா எங்கப்பாவைப் பத்தி முதல்ல சொல்லணும், இல்லேன்னா உங்களுக்குப் புரியாது. அம்மா தம்பியைப் பெத்தப்பவே போயிட்டாங்க. அப்பா நல்ல பெருத்த உடம்பு. நாப்பத்தேழு வயசு. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே இருந்தவர் தட்டு மேல சாய்ஞ்சுட்டார். விளையாடுறார்னு தம்பி சிரிச்சான், ஒன்பது வயசு அவனுக்கு. எனக்குப் பத்தொன்பது. எட்டுப் பேர் தூக்கியும் வாசலைத் தாண்ட முடியல, கதவைக் கழட்டி வச்சுட்டுத்தான் வெளியே கொண்டு போனாங்க. அந்த ஆணி கழட்டுற சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும்.

நான் தையல் கத்துக்கிட்டதே அப்பா துணியை வெட்டித்தான். அவரோட ஒரு பேண்ட்ல தம்பிக்கு ரெண்டு கால்சட்டை வந்துச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டேன், ஒரே ஒரு நீலச் சட்டையை மட்டும் வச்சிருந்தேன். தம்பியைப் படிக்க வச்சு, கல்யாணம் பண்ணி வச்சு, மாடியில குடி வச்சேன். கீழே முன்னறையில என் கடை, பின்னால என் கட்டில். நான் கல்யாணம் பண்ணிக்கல. யாரும் தடுக்கல, நேரம் வரல, அவ்வளவுதான்.

தம்பி டிரைவிங் ஸ்கூல்ல கார் கத்துக் கொடுக்கிறவன். நாள் பூரா உட்கார்ந்த வேலை. கத்துக்க வர்ற பிள்ளைங்க, 'மாஸ்டர், நீங்க ஏறினா வண்டி உங்க பக்கமே திரும்புது'ன்னு கிண்டல் பண்ணுவாங்களாம். அதை அவனே வந்து சொல்லிச் சிரிப்பான். சிரிக்கிற ஜாதி அவன்.

போன வருஷம் பீரோவைச் சுத்தம் பண்றப்ப அந்த நீலச் சட்டை அவன் கையில மாட்டிச்சு. விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தான். எல்லாப் பட்டனும் பூட்டிச்சு மேடம். தோள், வயிறு, கைமூட்டு, எல்லாம் அளவெடுத்துத் தைச்ச மாதிரி. "அக்கா, அப்பா வந்துட்டேன், சோறு போடு"ன்னு நின்னான். அவன் பொண்டாட்டியும் அவன் மக பாப்பாவும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு அவன் வயசுதான் ஞாபகம் வந்துச்சு. முப்பத்தெட்டு வயசு அவனுக்கு. நாப்பத்தேழுக்கு இன்னும் ஒன்பதே வருஷம்னு மனசு கணக்குப் போட்டுடுச்சு.

நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நூத்தி நாலு கிலோ. எண்பதுக்குள்ள வரணும், பட்டினி கிடக்காதே, சாப்பிடுறதுக்கும் நடக்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கணும்னு சொல்லி அவர் ஒரு தாள் கொடுத்தார். எதைச் சாப்பிட்டா எவ்வளவு நடக்கணும்னு அதுல போட்டிருந்துச்சு. அதைக் கடையில கண்ணாடி பக்கத்துல ஒட்டினேன். எடை பார்க்கிற மெஷினும் வாங்கிக் கடையிலயே வச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில இறங்கி வந்து ஏறி நிப்பான். அவன் வயிறு முள்ளை மறைக்கும், அவனால பார்க்க முடியாது. நான் குனிஞ்சு படிச்சுச் சொல்லுவேன். அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்துச்சு. அப்ப உள்ளதைத்தான் சொன்னேன்.

நாலு மாசத்துல ஒன்பது கிலோ குறைஞ்சான். "அக்கா, இடுப்பு லூசாயிடுச்சு, ஒரு இஞ்ச் பிடிச்சுக் கொடு"ன்னு பேண்டைக் கொண்டு வந்து கொடுத்தான். முகத்துல அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷந்தான் வினையாப் போச்சு. பேண்ட் லூசானதைக் கொண்டாட அன்னைக்கே கேக் வாங்கிட்டு வந்தான். மறுநாள் நடக்கப் போகல, அதுக்கு அடுத்த நாளும் போகல. ரெண்டே வாரத்துல மூணு கிலோ திரும்பி வந்துடுச்சு. மாடியில அவன் குறட்டை நின்னா எனக்குத் தூக்கம் போயிடும். மூச்சு இருக்கான்னு கூரையைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன்.

துணி லூசா இருந்தா அவன் சாப்பிடுறான், இறுக்கமா இருந்தா நடக்கிறான். இது எனக்குத் தெளிவா விளங்கிச்சு. நான் டாக்டர் இல்ல, எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். அந்தப் பேண்ட் இன்னும் என்கிட்டதான் கிடந்துச்சு. ஒரு இஞ்ச் கேட்டவனுக்கு ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் கொடுத்தேன்.

பலன் உடனே தெரிஞ்சுச்சு. மறுநாளே நடக்கப் போயிட்டான்.

அதுக்கப்புறம் அவன் துணி எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் இஸ்திரிக்குக் கீழே வரும். நாலு பேண்ட், அஞ்சு சட்டை. அவன் இளைச்சதுக்கு மேல ஒரு கால் இஞ்ச் சேர்த்துப் பிடிப்பேன். பழைய ஓட்டை தெரியாம நீராவி காட்டித் தேய்ச்சுடுவேன். மெஷின்ல முள்ளு தொண்ணூறு காட்டினா தொண்ணூத்தி அஞ்சுன்னு சொல்லுவேன். எண்பத்தி மூணு காட்டினாலும் தொண்ணூத்தி அஞ்சுதான். துணியும் நானும் ஒரே பேச்சைப் பேசினா அவன் யாரை நம்புவான், சொல்லுங்க.

வெளியாட்கள் இளைச்சுட்டியேன்னு கேட்டிருக்காங்க. வந்து சொன்னான். மனுஷங்க உபசாரத்துக்கு ஆயிரம் சொல்லுவாங்க, உன் பேண்ட் என்ன சொல்லுதுன்னு கேட்டேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். முதல்ல ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். அப்புறம் காலையில ஒரு முட்டையோட சரி. எங்க கட்டடத்துல அஞ்சு மாடி, சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் படி ஏறி இறங்குவான். பத்துத் தடவைன்னு ஆரம்பிச்சது முப்பதுக்குப் போச்சு. கடைசியில ரெண்டு மூணு வாரம் பாப்பாவும் கூட ஏறினா. அவளுக்கும் ஸ்கர்ட் இறுக்கமா இருக்குன்னு சொன்னாளாம். அப்பனும் மகளும் ஒண்ணா ஏறுறதைப் பார்க்க அழகா இருந்துச்சு.

அவன் பொண்டாட்டி நல்ல பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். மருந்துக் கம்பெனியில பெட்டி கட்டுற வேலை, நின்னே பார்க்கிற வேலை. ஒருநாள் கடைக்கு வந்து அழுதா. "அண்ணி, அவரு கன்னம் ஒட்டிப் போச்சு. தட்டுல வச்சா எழுந்து போயிடுறார். நீங்க சொன்னாத்தான் கேட்பார். ஒரு வார்த்தை சொல்லுங்க." சொன்னேன் மேடம். அவனைக் கீழே கூப்பிட்டு, அவ முன்னாலயே சாப்பிடுடான்னு சொன்னேன். அவ மாடிக்குப் போனதும் டாக்டர் கொடுத்த அந்தத் தாளை அவனுக்குக் காட்டினேன், அவ்வளவுதான்.

இனி சொல்றது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். தண்ணி இருந்தா கொடுங்க.

அவன் சாகுறதுக்கு மூணு வாரம் முந்தி, கடையில யாரும் இல்லாத நேரமாப் பார்த்து வந்து என் எதிர்ல உட்கார்ந்தான். அன்னைக்கு வண்டியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாம், கத்துக்க வந்த பொண்ணுதான் பிரேக் போட்டு நிறுத்துச்சாம். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. கண்ணாடியில பார்த்தா விலா எலும்பு தெரியுது. ஆனா பேண்ட் ஏற மாட்டேங்குது, எடையும் இறங்கல. உள்ளே கட்டி ஏதாச்சும் வளருதாக்கா?" சின்னப் பிள்ளையில இருட்டுக்குப் பயந்துக்கிட்டு என் பாயில வந்து ஒட்டிக்குவான், அதே முகம். டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டான்.

நான் சொல்லியிருக்கலாம். வாயில வந்துடுச்சு. சொல்லியிருந்தா அவன் சிரிச்சிருப்பான், ரெண்டு நாள் கோவிச்சிருப்பான், அப்புறம் கேக் வாங்கிட்டு வந்திருப்பான். அந்தக் கேக்தான் எனக்குக் கண் முன்னால வந்துச்சு. அப்பாவோட தட்டும் வந்துச்சு. "கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சுட்டுப் போ, இல்லேன்னா டாக்டர் திட்டுவார்"னு சொன்னேன். அவனுக்கும் அதுதான் வேணும்போல. டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு பயந்துக்கிட்டிருந்தான், சரிக்கான்னு எழுந்து போயிட்டான்.

வயிறு முழுசா வத்தினதுக்கு அப்புறம் அவனே குனிஞ்சு முள்ளைப் பார்த்திருக்கலாம். பார்க்கல. மெஷின் மேல ஏறிக் கண்ணை மூடிக்குவான், என் வாயிலருந்து வர்ற நம்பருக்காகக் காத்துக்கிட்டு நிப்பான். எல்லாத்தையும் சொல்றேன்னுதானே உட்கார்ந்திருக்கேன், இதையும் சொல்லிடுறேன். வாரத்துல அந்த ஒரு நிமிஷந்தான் எனக்குப் பயம் இல்லாம இருக்கும்.

போன வியாழக்கிழமை நாலாவது மாடித் திருப்பத்துல விழுந்தான். பின்னால வந்த பாப்பாதான் அத்தைன்னு கத்தினா. நான் ஓடினேன். ஆம்புலன்ஸ்ல வந்தவங்க ரெண்டே பேர். ஒருத்தர் தோளைப் பிடிச்சார், இன்னொருத்தர் காலைப் பிடிச்சார், சுலபமா இறக்கிட்டாங்க. கதவைக் கழட்ட வேண்டி வரல. அந்த நேரத்திலயும் அது எனக்குத் தோணிச்சு.

ஆஸ்பத்திரியில அவன் துணியைக் கழட்டிப் பொண்டாட்டி கையில கொடுத்திருக்காங்க. கனமா இருந்திருக்கு. பிரிச்சுப் பார்த்திருக்கா. பின்பக்கத் தையல்ல உள்ளே மடிச்ச துணி மட்டும் நாலு விரல் அகலம், வரி வரியா பழைய தையல் ஓட்டை. அப்புறந்தான் அவ உங்ககிட்ட வந்தா. நான் நினைச்சிருந்தா அந்த மிச்சத் துணியை வெட்டி எறிஞ்சிருக்கலாம், உங்களுக்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது. வெட்டல. அவன் எப்பவாவது உடம்பு தேறினா பிரிச்சு விடணுமே. நான் கெடுதல் நினைச்சவளா இருந்தா துணியை விட்டு வச்சிருப்பேனா.

எழுதிக்கோங்க. கடைசி ஞாயித்துக்கிழமை முள்ளு அம்பத்தி ஆறுல நின்னுச்சு. டாக்டர் எண்பதுன்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நான் தொண்ணூத்தி நாலுன்னு சொன்னேன். ஒரு கிலோ குறைஞ்சதுக்கு அவன் அழுதுட்டான். தெரிஞ்சேதான் சொன்னேன். அவன் சாகக் கூடாதுன்னு சொன்னேன்.

கையெழுத்து எங்க போடணும், இங்கயா. ஒரே ஒரு உதவி மேடம். கடைக்குச் சீல் வச்சிருக்கீங்க, தையல் மெஷின் மேல பாப்பாவோட ஸ்கூல் ஸ்கர்ட் ஒண்ணு இருக்கு. பன்னெண்டு வயசு அவளுக்கு, அப்படியே எங்கப்பா எலும்பு. மத்த ரெண்டையும் போன மாசமே பிடிச்சுக் கொடுத்துட்டேன், இதை மட்டுந்தான் முடிச்சு வச்சுட்டுக் கொடுக்க முடியல. திங்கக்கிழமை போட்டுக்கிட்டுப் போகணும், எடுத்துக் கொடுத்துடுங்க. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அத்தை அளவு தப்ப மாட்டாள்னு அவகிட்ட சொல்லுங்க.