குவிமாடத்தில் கூப்பிட்ட பெயர்

— மெதுவா வாங்க மதினி, தரையெல்லாம் உடைஞ்ச சிமெண்டு. கையைப் பிடிக்கட்டுமா?

— வேணாம் ஃபவாஸ். இந்தத் தரை எனக்குத் தெரியும். உங்க அண்ணன் கொத்து வேலை பாத்த இடம்தானே.

— பேசணும்னா வீட்டுலயே பேசியிருக்கலாம். பெய்ரூத்துலேர்ந்து நம்ம தராபுலூஸ் ஊருக்கு வர்றவன்கூட கோட்டையைப் பாத்துட்டு, இனிப்பு வாங்கிட்டுக் கிளம்பிடறான். பாதி கட்டிப் போட்ட இந்தக் கண்காட்சித் திடலுக்கு யாரு வர்றா?

— அதோ வந்திருக்காங்களே ரெண்டு பேரு, கழுத்துல கேமராவோட.

— கை தட்டிப் பாக்க வந்ததுங்க. ஒரு தட்டுக்கு நூறு தட்டு திருப்பிக் குடுக்குது இந்தக் குவிமாடம். என்ன நான் சொல்றது, பைத்தியக்கார இடம்.

— அவங்க போகட்டும். நீ சொல்ல வந்ததைச் சொல்லு.

— சுத்தி வளைக்கல மதினி. அடுத்த வாரம் நான் சிட்னிக்கு, மகன்கிட்டப் போறேன். இந்த வயசுல போறவன் திரும்பி வரப் போறதில்ல. அதுக்கு முன்னால அண்ணனுக்கு ஜனாஸா தொழுகை வச்சிடணும். உடம்பு கிடைக்காட்டியும் வைக்கலாம்னு இமாம் சொல்லிட்டாரு. நீங்க சரின்னா வர்ற வெள்ளிக்கிழமையே.

— நிஸார் செத்துட்டாருன்னு யாரு பாத்தா?

— சண்டைக் காலத்துல அண்ணன் போன பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினாங்களே, அதுல ஒருத்தராவது வீடு திரும்பினாங்களா? நாப்பது வருஷம் ஆச்சு! நானும் போயிட்டா அவரு பேர்ல ஒரு தொழுகை வைக்க யாரு இருக்கா?

— கத்தாதே. எல்லாம் திரும்பிக் கேக்குது.

— கத்தத்தான் செய்வேன். கூடப் பொறந்தவன், எனக்கு வலிக்காதா? அவரு போனதுலேர்ந்து நான் தெருவுல நின்னு காய்க்காரனோட நாலு வார்த்தை பேசினா, மேல உங்க ஜன்னல் டப்புனு மூடிக்கும். காய்ச்சல்னா பருப்பு சூப்பு குடுத்தனுப்புவீங்க. என் குரல் மட்டும் ஆகாது. நான் என்ன தப்பு பண்ணினேன்?

— நீ ஒண்ணும் பண்ணல.

— அப்புறம் என்ன?

— கல்யாணத்துக்கு முந்தின வாரம் உங்க அண்ணன் என்னை இங்க கூட்டிட்டு வந்தாரு. காவலுக்கு என் தங்கச்சி. அப்பத்தான் சென்ட்ரிங் பலகை பிரிச்சிருந்தாங்க. நடுவுல போய் நின்னு என் பேரைக் கூப்பிட்டாரு. சுத்திச் சுத்தி வந்துச்சு. வெக்கத்துல செத்தேன் போ.

— எங்கிட்ட அவரு சொன்னதே இல்லியே.

— சரி, கேமராக்காரங்க போயிட்டாங்க. ஃபவாஸ், அதே நடுவுல போய் நில்லு. என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நீ கேட்டதுக்கு நான் சம்மதிக்கிறேன்.

— அண்ணன் சம்சாரத்தைப் பேர் சொல்லியா? நீங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. நாக்கு வராது மதினி.

— ஒரே தடவை. சத்தமா.

— அல்லா என்னை மன்னிக்கட்டும்... நஜ்லா!

— ...ஜ்லா ...லா ...லா ...லா...

— மதினி... கூப்பிட்டது நான். திரும்பி வர்றது அண்ணன் குரலு.

— எனக்குத் தெரியும்ப்பா. நீ தெருவுல பேசும்போதெல்லாம் அவருதான் வந்துட்டாருன்னு வாசலுக்கு ஓடி ஓடி ஓய்ஞ்சுதான் ஜன்னலை மூடினேன். வெள்ளிக்கிழமை தொழுதுடு.