ரங்கூன் பந்தி

என்ற பேரைப் போட்டு நோட்டீசு அடிச்சாச்சுங்களா? அடக் கெரகமே! என்னைய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அடிச்சிருக்கப்படாதுங்களா தம்பி? இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ராசிபுரம் வரைக்கும் இந்த வெயில்ல மோட்டாருல வந்திருக்கீங்க, உங்க மேல கோவிச்சுக்குவனா? என்ன பேரு சொன்னீங்க, சின்னராஜுங்களா? உக்காருங்க. தறியில கை வெக்காதீங்க, இப்பத்தான் பாவு பூட்டியிருக்குது. அந்தக் கட்டல்ல உக்காருங்க.

கடுதாசி வந்துச்சுங்க. மூணு தாட்டி படிச்சேன். தெருவுல திரியற புள்ளைங்களுக்கு ஒரு ஊடு தொறக்கறீங்க, நான் வந்து அதைப் பாத்துக்கோணும். வெள்ளிக்கெழமை தொறக்கறப்ப அந்தப் புள்ளைங்களோட ஒரே பந்தில மொத எலையில நான் உக்காந்து உண்ணோணும், எல்லாச் சாதியும் ஒட்டுக்கா உண்ணறதை ஊரே பாக்கோணும். அதுதானுங்களே? ரங்கூன் கண்ணுசாமின்னா சனம் கூடும்னு நீங்க நெனைக்கறது புரியுதுங்க.

ஆசையில்லைன்னு யாரு சொன்னது? கடுதாசியை எங்கூட்டுக்காரி சௌந்திரத்துக்குப் படிச்சுக் காட்டுனேன். மறுபடியும் புள்ளைங்க சத்தத்துல இருப்பீங்கன்னு சொன்னா. எங்களுக்குப் புள்ளை இல்லீங்க.

ரங்கூனுக்குப் போன கதையா? அது முப்பத்தி நாலுல. சேலத்துல ஒரு கூட்டம். ரங்கூன்லிருந்து ஒரு சங்கத்துக்காரரு வந்து பேசினாரு. நம்ம பக்கத்துச் சனம் கூலிக்குப் போயி செத்துப்போவுது, இல்லாட்டி அங்க கட்டுனவளையும் பெத்ததையும் உட்டுப்போட்டுக் கப்பலேறிப் போடுது, புள்ளைங்க தொறமுகத்துல எலி மாதிரி கெடக்குது, சம்பளமில்லாம வேலை செய்ய ஆளு வேணும்னாரு. நான் கையைத் தூக்கிட்டேன். இரக்கந்தானுங்க. ஆனா மேடையில இருந்தவரு எறங்கி வந்து என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு, சனமெல்லாம் கையத் தட்டுச்சு. அதுவும் எனக்குப் புடிச்சிருந்துச்சு. பொய் சொல்லக் கூடாதில்லீங்க.

மொத ஆறு மாசம் பட்ட பாடு! மழை புடிச்சா உடாது. மர ஊடு, துணி காயாது. பர்மாக்காரங்க மீனை ஊறப்போட்டு ஒண்ணு பண்ணுவாங்க, அந்த வாசத்துக்கு நான் துண்டை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் தெருவுல நடப்பேன். புள்ளைங்க எனக்குப் பின்னாலயே மூக்கைப் புடிச்சுக்கிட்டு நடந்து காட்டும். அப்பறம் எல்லாம் பழகிப்போச்சுங்க. வெடியால தொறமுகத்துக்குப் போவேன். மூட்டைகளுக்கு நடுவுல தூங்கறதுகளை எழுப்பிக் கூட்டிட்டு வருவேன். பேன் பாத்து, தலைக்குத் தண்ணி வாத்து, ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்து, சோறாக்கிப் போடுவேன். இருவத்திரெண்டு புள்ளைங்க. பர்மாக்காரிக்குப் பொறந்ததெல்லாம் என்ற பேச்சைப் புடிச்சுக்கிட்டு ஏனுங்கண்ணா, எங்கீங்கண்ணா போறீங்கன்னு கேக்கும். ரங்கூன் தெருவுல ராசிபுரத்துப் பேச்சுங்க! எனக்குப் பெருமை தாங்காது.

சாப்பாடா? அங்கதானுங்க நீங்க சரியாக் கேட்டீங்க.

அதுங்களுக்குத் தகர வட்டல்ல போட்டு, எல்லாம் உண்டு எந்திரிச்ச பொறகு, ஊட்டுக்குப் பின்னால பொறவடையில நான் தனியா ஒரு சின்னப் போசியில எனக்கு மட்டும் ஆக்கி உண்பேன். ஆமாங்க, தனிச் சோறு. தனித் தண்ணி. கப்பலேறறதுக்கு முன்னால எங்கம்மா கப்பூரத்தை அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க, கண்ட எடத்துல கை நனைக்கப்படாதுன்னு. எங்கண்ணனுக்கு மூணு பொட்டப்புள்ளைங்க. நான் அங்க கெட்டுப்போயி வந்தன்னு தெரிஞ்சா அதுங்களை ஒருத்தன் கட்டமாட்டான். புள்ளைங்க கேக்கும், அண்ணா நீங்க உண்ணலீங்களான்னு. வயிறு சரியில்லைம்பேன். நாலு வருசமா வயிறு சரியில்லாத மனுசன் ஒலகத்துல எங்கயாச்சும் உண்டுங்களா?

அப்பறம் எனக்குக் குளிர்க் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாளா எந்திரிக்க முடியலை. உண்ணாமலைன்னு ஒரு புள்ளை, எட்டு வயசு. அப்பன் ஆத்தூருப் பக்கத்துக்காரன், எந்தச் சாதின்னு அதுக்கே தெரியாது. ஆயி பர்மாக்காரி, அவளும் போயிச் சேந்துட்டா. மூணாம் நாளு பகல்ல அந்தப் புள்ளை தானே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி, ஊதி ஊதி ஆத்தி, என்ற தலையைத் தூக்கி வாய்கிட்டக் கொண்டு வந்துச்சு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கசக்கும்னு நான் நெனைக்கறதா அதுக்கு ரோசனை. ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டிப்போட்டு, நல்லாத்தான் இருக்குதுங்கண்ணான்னு மறுபடி நீட்டுச்சு.

தட்டி உட்டுட்டேனுங்க.

காய்ச்சல்ல தெரியாமப் பண்ணலீங்க. தெரிஞ்சேதான். எச்சக் கஞ்சின்னு கை தானாப் போச்சு. சுடுகஞ்சி அது மேல கொட்டிப்போச்சு. அழுவலைங்க. என்னையவே பாத்துச்சு. அப்பறம் பொறவடைக்குப் போயி என்ற சின்னப் போசியைப் பாத்துட்டு வந்து, மறுபடியும் என்ற மூஞ்சியைப் பாத்துச்சு. அதுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

காய்ச்சல் உட்டதும் நான் என்ன பண்ணுனேன்? ஒண்ணும் நடக்காத மாதிரி சோறாக்கி, இருவத்திரெண்டு வட்டலும் வெச்சு, வாங்க சாமின்னு கூப்புட்டேன். எல்லாம் வந்துச்சுங்க. வந்து நின்னுச்சு. ஒண்ணும் உக்காரலை. இருக்கறதுல பெரியவன் வீரபாகு, பதிமூணு வயசு. நீங்க மொதல்ல உக்காருங்கண்ணா, இன்னைக்கு ஒட்டுக்கா உண்ணலாமுங்கன்னான். மரியாதையாத்தான் சொன்னான், நான் சொல்லிக் குடுத்த அதே மரியாதை.

உக்காந்தேன். உண்ணாமலைதான் ஒரு வட்டல் கொண்டாந்து வெச்சுச் சோறு போட்டுச்சு. நானும் ரசம் ஊத்திப் பெசஞ்சேன். கவளம் உருட்டுனேன். இருவத்திரெண்டு புள்ளைங்களும் என்ற வாயையே பாத்துக்கிட்டு நிக்குது.

கை எந்திரிக்கலீங்க.

எங்கம்மா கடலுக்கு அக்கட்ட. எங்கண்ணன் கடலுக்கு அக்கட்ட. நான் உண்டன்னு ராசிபுரத்துக்குக் கடுதாசி போடறதுக்கு அங்க யாரு இருந்தா? ஒருத்தருமில்லை. அதனால ஊருக்குப் பயந்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்கறதுக்குக் கூட எனக்கு வழியில்லைங்க தம்பி. எனக்கே கூசுச்சு, அவ்வளவுதான். நான் பேன் பாத்து உட்ட புள்ளைங்க, என்ற மடியில தூங்குன புள்ளைங்க.

கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சுங்க. வீரபாகு மொதல்ல எறங்கிப் போனான். அப்பறம் ஒண்ணொண்ணா. பசியோடதான் போச்சுங்க. ஒரு பருக்கை தொடலை. மறுநாளுத் தொறமுகத்துக்குப் போயி மூட்டை மூட்டையாத் தேடுனேன். என்னையப் பாத்ததும் அக்கட்ட ஓடிப் போயி மறைஞ்சுக்கும். பத்து நாளு அப்படித் தேடுனேன். பதினோராம் நாளு கப்பலேறிட்டேன்.

கலவரமா? ரங்கூன்ல பர்மாக்காரங்க நம்ம சனத்தை வெட்டுன அந்தக் கலவரம், நான் ஊருக்கு வந்து ரெண்டு மாசங் கழிச்சு நடந்ததுங்க. கலவரத்துல புள்ளைங்களையெல்லாம் காப்பாத்தி உட்டுட்டுத் தப்பி வந்தவன்னு ஊர்ல அவிங்களாத்தான் பேசிக்கிட்டாங்க. நான் ஆமான்னு சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. கலவரத்துல அந்தப் புள்ளைங்க என்னாச்சோ, எனக்குத் தெரியாது. கேட்டு ஒரு கடுதாசி போடறதுக்கு எனக்கு மூஞ்சியில்லைங்க.

நீங்க சின்ன வயசு, நாலஞ்சு வருசத்துல மனசு மாறியிருக்கும்னு சொல்றீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். உங்க கடுதாசியைப் படிச்சுப்போட்டு, போயிரலாம், இந்தத் தாட்டி ஒழுங்கா இருந்துரலாம்னு முடிவே பண்ணிப்போட்டேன். சரி, வெள்ளிக்கெழமைக்கு முன்னால நம்மால முடியுதான்னு ஒருக்காப் பாத்துக்குவோம்னு முந்தாநேத்து சந்தைக்குப் போனேன். அங்க தெருக் கூட்டற ராஜம்மாளும் அவ புள்ளையும் வேம்படியில உக்காந்து களி உண்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கும் கொஞ்சூண்டு குடுக்கறீங்களான்னு கேட்டேன். அந்தம்மா பதறிப்போச்சு. அந்தப் புள்ளை சிரிச்சுக்கிட்டே ஒரு உருண்டையை எடுத்து என்ற கையில வெச்சுச்சு.

அதைக் கையில வெச்சுக்கிட்டே ஊடு வரைக்கும் நடந்து வந்து, மாட்டுக்குப் போட்டுட்டேனுங்க.