முன்பல்லுக்கு ஒரு முன்னறிவிப்பு

— உதட்டை விடுடா, என் விரலைக் கடிக்காதே. இந்த முன்பல்லுல ஐஸ் வைக்கிறேன். சில்லுனு இருந்தா கையைத் தூக்கு. என்ன, தூக்கவே காணோம்?

— ஒண்ணுமே தெரியலைக்கா. நல்ல விஷயம்தானே?

— செத்தவனைக் கிள்ளினா அவன் கத்தாம இருக்கறது நல்ல விஷயமா? உள்ளே நரம்பு போயிடுச்சு ராசா. மேகத்தைப் பார்த்துட்டே ஆபீஸ் கண்ணாடிக் கதவுல போய் மோதினியே, அன்னிக்கே போயிருக்கும். இப்ப வேர் நுனியில சீழ். அது போதாதுன்னு ஈறும் வீங்கிக் கிடக்கு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இந்தக் கம்பியை விட்டா, லிஃப்ட் மாதிரி நேரா வேர் வரைக்கும் ஏறுது. வேர்ல ஒரு திருடன், ஈறுல ஒரு திருடன். சுரங்கம் வெட்டிக் கை கோத்துட்டானுங்க.

— பிழைக்குமா?

— வேர்ல ஆரம்பிச்ச சீழுன்னா, வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சாப் போதும், ஈறு தானா மூடிக்கும். ஈறுல ஆரம்பிச்சிருந்தா சந்தேகம்தான். ரெண்டும் தனித்தனியாக் கிளம்பி நடுவழியில சந்திச்சிருந்தா இழுபறி.

— இது எந்த ரகம்?

— குழம்பிக் கிடக்கு, இப்பத் தெரியாது. உன் வாய் இருக்கற லட்சணத்துக்கு ஈறுக்கும் பெரிய பங்கு இருக்கும்னு தோணுது. முதல்ல வேர் வேலையை முடிப்போம். சில மாசம் பொறுத்து எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு வளர்ந்திருந்தாப் பல்லு உனக்கு. இல்லேன்னா ஈறைக் கீறிப் பார்க்கணும். அதுக்கும் மசியலேன்னா பிடுங்க வேண்டியதுதான்.

— அதாவது, உறுதியா எதுவும் சொல்ல மாட்டே.

— யாரு யாரைக் கேக்கறது? தினமும் ரேடியோவுல 'ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்பு உண்டு'ன்னு வாசிக்கிற வாயாடா இது? நான் காயப்போட்ட துணிக்கு என்னிக்காவது உறுதி குடுத்திருக்கியா?

— அது மேகம்க்கா, கையில சிக்காது. பல்லு உன் கையில இருக்கே. இது போச்சுன்னா 'சாரல்'னு சொல்ல வராது, வெறும் காத்துதான் வரும். என் மைக்குக்குப் பின்னாடியே ஒருத்தி, நான் எப்ப எழுந்திருப்பேன்னு காத்துட்டிருக்கா.

— அப்ப நான் சொல்றதைக் கேளு. சிகரெட்டை விடு. புகை குடிச்ச ஈறு லேசுல ஒட்டாது. நீ விட்டா, பத்துக்கு ஏழு பிழைக்கும்பேன். விடலேன்னா பத்துக்கு மூணு.

— விட்டாச்சுன்னு வச்சுக்கோ.

— நான் எதுக்கு வச்சுக்கணும்? நீ விடு. வாயைத் திற.

*

— அக்கா, வெளியில சுவர்ல பெரிசா மாட்டியிருக்கியே, அது என் பல்லா?

— பின்னே வேற யாருது? அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரேயும் போன மாசம் எடுத்ததும்தான். முதல் படத்துல வேரைச் சுத்திக் கறுப்பா ஒரு பள்ளம். அடுத்த படத்துல பள்ளமே இல்லை. கம்பி ஏறவே மாட்டேங்குது. ஈறுல நான் கத்தியே வைக்கலை, கேட்டியா. எல்லாம் நீ சிகரெட்டை விட்டதால வந்த புண்ணியம்.

— அதாவது, வேற காரணமும் இருக்க வாய்ப்பு உண்டு.

— உனக்கு எப்படா அடக்கம் வந்துச்சு? கீழே எழுதியிருக்கறதைப் படிச்சியா? 'புகையை விட்டார், பல்லைப் பெற்றார்.' அதைப் பார்த்துட்டு ஒரு லாரி டிரைவர் பாக்கெட்டை அப்படியே குப்பையில போட்டுட்டுப் போனாரு.

— அதைக் கழட்டிடேன்க்கா.

— ஏன், நல்லாத்தானே இருக்கு?

— எங்க ஆபீஸ்ல ஒண்ணு நடக்கும். கிழக்குக் காத்து வரும், அதனால மழை வரும்னு அறிவிப்போம். மழை வந்துடும். அப்புறம் பார்த்தா மேற்கே இருந்து வந்திருக்கும். மழைதான் வந்துடுச்சேன்னு கமுக்கமா இருந்துடுவோம்.

— எதுக்கு இப்ப மேற்கு கிழக்குன்னு சுத்தறே? என் முகத்தைப் பாரு. லைட்டைப் பார்க்காதே. விட்டியா, இல்லையா?

— படிப்படியாக் குறைய வாய்ப்பு இருந்துச்சு.

— டேய்.

— ஓரிரு இடங்கள்ல மட்டும்தான்க்கா பிடிச்சேன். பத்துக்கு மூணுன்னு சொன்னியே, அந்த மூணுல நான் விழுந்துட்டேன். உன் கணக்கு தப்பில்லை.

— கணக்கு சரிதான், காரணம்தான் தப்பு. நீ புகை விட்டும் ஈறு ஒட்டிடுச்சுன்னா, அது மொத்தமும் வேர்ல இருந்து வந்த சீழ். ஈறு பாவம், வெளியே போக வழி விட்டதோட சரி. நான்தான் அதுமேல பழியைப் போட்டுட்டேன். ரொம்பச் சிரிக்காதே. இந்தத் தடவை ஈறு உன்னை மன்னிச்சிருக்கு, எப்பவும் மன்னிக்காது.

— அப்ப படத்தைக் கழட்டிடுவே?

— எப்படிடா கழட்டுவேன்? உன் மாமா இருக்காரே. கல்யாணமான நாள்ல இருந்து கெஞ்சினேன், சண்டை போட்டேன், மாசக்கணக்குல பேசாமக்கூட இருந்தேன். அசையாத மனுஷன், அந்தப் படத்தைப் பார்த்த அன்னிக்கே சிகரெட்டை விட்டாரு. இப்போ தினமும் சாயங்காலம் வாக்கிங் வேற. இது பொய்யின்னு அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

— மாமாகிட்டச் சொல்ல வேண்டியதே இல்லைக்கா.

— ஏன்?

— வாக்கிங்னு கிளம்பி எங்க வீட்டு மாடிக்கு வந்து, எனக்கும் சேர்த்துப் பத்த வைக்கிறதே அவர்தான்.